ஆள் ஏறாத பார்சல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, பஸ்ஸில் ஆள் இல்லாமல் தனியாகப் போகிற பார்சலைப் பற்றி ஒருநாள் பேச வேண்டும் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அவ்வளவுதான், கேள்விகள் குவிந்துவிட்டன. பஸ் கம்பெனி ஒன்றின் பார்சல் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்து பில் போட்டவன் நான், அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக ஆக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் தொலைதூர பஸ் ஓட்டுகிறேன். வண்டி கிளம்புகிற நேரத்தில் யாராவது ஓடிவந்து ஒரு சின்னப் பெட்டியை நீட்டி, "அண்ணே, கடைசி ஸ்டாப்புல ஆள் வந்து வாங்கிக்குவாங்க" என்று சொல்லி, கையில் கொஞ்சம் பணத்தையும் திணித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கம்பெனியும் கண்டுகொள்வதில்லை. இதில் எனக்கு என்ன ஆபத்து சார்?

தம்பி, அந்தப் பெட்டி உங்கள் கைக்கு வந்த நொடியிலிருந்து அதற்கு நீங்கள்தான் சொந்தக்காரர். கொடுத்தவர் கூட்டத்தில் கரைந்துவிட்டார், வாங்க வேண்டியவர் இன்னும் வரவில்லை, நடுவில் பெயரோடும் முகத்தோடும் லைசென்ஸோடும் நிற்கிற ஒரே ஆள் நீங்கள். வழியில் சோதனை போட்டு உள்ளே தடை செய்யப்பட்ட சரக்கு ஏதாவது கிடைத்தால், "யாரோ கொடுத்தாங்க" என்கிற பதிலை எந்த ஊர் போலீஸும் சட்டென்று நம்பிவிடாது.

போலீஸ் விஷயத்தை விடுங்கள், நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் கண்டக்டர் ஒருவர் இதே மாதிரி சணல் கயிறு கட்டிய ஒரு பெட்டியை வாங்கிக் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து அந்த சீட்டில் இருந்த அம்மா, காலுக்கடியில் ஈரமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். யாரோ தண்ணீர் பாட்டிலைக் கொட்டிவிட்டார்கள் போல என்று விட்டுவிட்டார்கள். அப்புறம்தான் அவருக்குப் பாதம் எரிய ஆரம்பித்தது. பெட்டிக்குள் இருந்தது அடைப்பு எடுக்கிற ஆசிட், மூடி சரியாகத் திருகப்படவில்லை. பக்கத்திலேயே வேறொருவர் அனுப்பிய பிளீச்சிங் பவுடர் மூட்டை. ஆசிட் அது வரைக்கும் ஓடிப்போய்ச் சேரவில்லை என்பது அன்றைக்கு எல்லாரும் செய்த புண்ணியம், ஏனென்றால் அவை இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், கண்ணாடி மூடிய பஸ்ஸில் நாற்பது பேர் அதை மூச்சாக இழுத்திருப்பார்கள். அந்த அம்மாவின் பாதத்தில் தோல் உரிந்ததோடு போயிற்று. அனுப்பியது யார் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை, பில்லே இல்லையே. பெட்டியின் மேல் பேனாவால் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தது: "ஜாக்கிரதை."

அதனால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கவுண்டரில் பில் போட்டுக்கொண்டு வாங்க, தாராளமா ஏத்திக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். உண்மையான அவசரக்காரர் முணுமுணுத்துக்கொண்டாவது போய் பில் போடுவார். பில் என்றதும் வேறு பஸ்ஸைத் தேடிப் போகிறவரின் பெட்டி உங்களுக்கு வேண்டாம். கவுண்டர் மூடியிருந்தால் பார்சலும் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. தெரிந்தவர் கொடுத்த சின்னக் கவர்தானே என்று உங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் எதையும் வைக்காதீர்கள். அது உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால் உள்ளே இருந்தது வெறும் துணியாக இருந்தாலும் கதை முடிந்தது.

கேள்வி: வெளியூரில் படிக்கிற மகனுக்குப் பழைய லேப்டாப், ஒரு பவர் பேங்க், இரண்டு போன் பேட்டரி ஆகியவற்றைத் துணிகளோடு ஒரே பெட்டியில் கட்டி பஸ்ஸில் போடலாம் என்று இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். உண்மையிலேயே பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம் அம்மா, ஆனால் அந்தப் பெட்டியை அப்படியே அனுப்பவும் வேண்டாம். துணிக்கு நடுவில் பேட்டரியைச் சுருட்டி வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி, அடுப்புக்குப் பக்கத்தில் விறகை அடுக்கி வைப்பது மாதிரி.

லித்தியம் பேட்டரிக்குள் இரண்டு முனைகளையும் பிரித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய தாள் போன்ற படலம். அடிபட்டோ, நசுங்கியோ, தயாரிப்புக் கோளாறாலோ அது கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிச் சூடு ஏறும், அந்தச் சூடு பக்கத்து செல்லையும் கிளப்பிவிடும், அங்கிருந்து ஒன்றை ஒன்று பற்றவைத்துக்கொண்டே போகும். கையில் வைத்திருக்கிற பவர் பேங்க் சூடானால் நமக்கு உடனே தெரிந்துவிடும், தூக்கித் தனியாகப் போடலாம், தண்ணீர் ஊற்றலாம். பயணிகளின் காலுக்கடியில் மூடிக் கிடக்கிற டிக்கிக்குள் அது நடந்தால், புகை மேலே வருகிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. விமானத்தில் பவர் பேங்கைப் பெட்டியில் போடாதே, கையிலேயே வைத்துக்கொள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். எந்தக் கருவியோடும் சேராமல் தனியாகப் போகிற லித்தியம் அயான் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதையே 2016 ஏப்ரல் 1 முதல் உலகம் முழுக்க நிறுத்திவிட்டார்கள். பஸ் ஆகாயத்தில் பறக்கவில்லை என்பது உண்மைதான், பற்றினால் ஓரங்கட்டி இறங்கிவிடலாம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எல்லாரும் தூங்குகிற ஸ்லீப்பர் பஸ்ஸில் எத்தனை பேர் எவ்வளவு வேகமாக இறங்குவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? லேப்டாப்பை மூடி மட்டும் வைக்காமல் முழுசாக ஆஃப் செய்யுங்கள், ஸ்லீப்பில் இருந்தால் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு சூடாகும். சார்ஜ் 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும், குறைந்த சார்ஜில் இருக்கிற பேட்டரி பற்றினாலும் அவ்வளவு ஆவேசமாகப் பற்றாது. கனமான அட்டைப்பெட்டியில் அசையாதபடி வைத்து, பில்லில் "லேப்டாப், உள்ளே லித்தியம் பேட்டரி" என்று எழுதச் சொல்லுங்கள். அதை ஏற்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னால் வாதாட வேண்டாம், அப்படிச் சொல்கிற கம்பெனியைப் பார்த்தால் எனக்கு மரியாதை கூடுகிறது. பவர் பேங்கை மகன் அடுத்த முறை வரும்போது கையில் கொண்டுபோகட்டும். அதன் அளவு தெரியவேண்டுமென்றால் அதன் மேல் போட்டிருக்கிற மில்லி ஆம்பியர்-ஹவரை (mAh) 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுங்கள், 20,000 என்று போட்டிருந்தால் 74 வாட்-ஹவர் (Wh). விமானக்காரர்கள் தனி அனுமதி கேட்காமல் விடுகிற எல்லை 100. ஒரு மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி பல மாடல்களில் 2,000 வாட்-ஹவரைத் தாண்டும், அதாவது இப்படிப்பட்ட பவர் பேங்க் இருபத்தேழு சேர்ந்தாற்போல. அதைப் பயணிகள் பஸ்ஸில் போடுகிற பேச்சே வேண்டாம்.

அந்த இரண்டு போன் பேட்டரி? கழற்றி எடுத்த பழைய பேட்டரியா? அப்படியென்றால் அவற்றை எங்கேயும் அனுப்பாதீர்கள். கொஞ்சமாவது உப்பியிருந்தால் வீட்டிலும் வைக்காதீர்கள், பழைய பேட்டரி வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பார்சல் கவுண்டரில் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். நான் என்ன திருடனா? எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது.

உங்கள் கோபம் புரிகிறது. நானும் அந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்லட்டுமா, பிரித்துக் காட்டச் சொல்லாத கவுண்டரைப் பார்த்துத்தான் நீங்கள் கோபப்பட வேண்டும். உங்கள் பெட்டியைப் பிரிக்காதவர்கள் உங்கள் சீட்டுக்கு அடியில் இருக்கிற அடுத்தவன் பெட்டியையும் பிரித்திருக்க மாட்டார்கள்.

டிக்கெட் எடுத்து ஏறுகிற பயணியின் பையும் அவரோடுதான் வருகிறது, ஏதாவது ஆனால் அவருக்கும் ஆகும், அதனால் அவரே கொஞ்சம் பார்த்துத்தான் கட்டுவார். தனியாக வருகிற பார்சலில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அனுப்பியவர் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார். கெட்ட எண்ணம்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை, தெரியாமையே போதும். 1996 மே 11-ஆம் தேதி அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு பயணிகள் விமானம் சதுப்பு நிலத்தில் விழுந்து 110 பேர் இறந்துபோனார்கள். சரக்கறையில் பழைய ஆக்சிஜன் ஜெனரேட்டர்களைப் பெட்டி பெட்டியாக ஏற்றியிருந்தார்கள், பாதுகாப்பு மூடி மாட்டாமல். ஒன்று கிளம்பினால் கொதிக்கிற சூட்டோடு ஆக்சிஜனையும் கக்குகிற சாதனம் அது. சரக்குச் சீட்டில் அவற்றைக் "காலி" என்று எழுதியிருந்தார்கள். எழுதியவருக்கு யாரையும் கொல்லும் எண்ணம் இல்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குப் பக்கத்தில் பயணம் செய்கிறவர்கள் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதனால் பெட்டியை ஒட்டாமல் கொண்டுபோங்கள், காட்டுங்கள், அப்புறம் அவர்கள் கண் முன்னால் டேப் ஒட்டுங்கள். டேப் ஓரத்தில் பாதி பெட்டியிலும் பாதி டேப்பிலும் விழுகிற மாதிரி கையெழுத்துப் போட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் யாராவது பிரித்திருந்தால் கையெழுத்து ஒட்டாது. காட்டுவதில் உங்களுக்கும் லாபம் இருக்கிறது, உள்ளே இருந்த பொருள் காணோம் என்று நாளைக்குச் சொன்னால் இருந்ததைப் பார்த்த சாட்சி கவுண்டரிலேயே இருக்கும்.

கேள்வி: மாமாவுக்கு இன்சுலின் அனுப்ப வேண்டும். ஒரு ராத்திரிப் பயணம். ஐஸ் வைத்து அனுப்பினால் போதுமா?

ஐஸ் கம்மியானால் என்ன ஆகும் என்றுதான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். அதிகமானால்தான் சிக்கல். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்வார்கள். உறைந்துவிட்டால் அது வீண், உருகின பிறகு பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாவிட்டாலும் போடக் கூடாது. ஆனால் அறை வெப்பத்தில், அதாவது 25, 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில், பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் வரைக்கும் தாங்கும். எத்தனை நாள் என்று பெட்டிக்குள் இருக்கிற தாளில் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். ஆக ஒரு ராத்திரிக்கு இன்சுலின் செத்துவிடாது, எஞ்சினுக்குப் பக்கத்து டிக்கியில் வெந்துபோகாமலும் ஐஸ் கட்டி மேலே நேராகப் பட்டு உறைந்துபோகாமலும் இருந்தால் போதும்.

ஒரு சின்னத் தெர்மாகோல் பெட்டி, ஒரு ஜெல் பேக், அதைச் சுற்றி ஒரு துண்டு, நடுவில் மருந்துப் பெட்டி. டிரை ஐஸ், அதாவது உறையவைத்த கார்பன் டை ஆக்சைடு, வேண்டவே வேண்டாம். அது மைனஸ் 78.5 டிகிரி, இன்சுலினை முதலில் கெடுப்பதே அதுதான். அதோடு ஒரு கிலோ டிரை ஐஸ் கரைந்தால் ஏறத்தாழ 500 லிட்டர் கார்பன் டை ஆக்சைடாக மாறும், இறுக்கி மூடிய பெட்டியென்றால் வெடிக்கும், மூடிய இடமென்றால் மூச்சு முட்டும். நடுவில் வண்டி மாற்றாத நேர் பஸ்ஸில் போடுங்கள், பில்லில் மருந்து என்று எழுதுங்கள், மாமா வீட்டு ஆள் பஸ் வருவதற்கு முன்னாலேயே போய் நிற்கட்டும். கையிருப்பு தீர்கிற நாள் வரைக்கும் காத்திருந்து அனுப்பாதீர்கள், பஸ் பஞ்சராகும்.

கேள்வி: வீட்டில் நோயாளிக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திருப்பி அனுப்ப வேண்டும். கிட்டத்தட்ட காலிதான். பஸ்ஸில் போடலாமா?

கூடாது. "கிட்டத்தட்ட காலி" என்றால் காலி இல்லை. 2005 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸில், புயலுக்குப் பயந்து முதியோர்களை ஏற்றிக்கொண்டு போன பஸ் ஒன்று தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். தீ ஆரம்பித்தது சக்கரத்தில், கிரீஸ் இல்லாமல் காய்ந்துபோன பேரிங்கில். அந்தத் தீயை இன்னும் கொடுமையாக்கியது பயணிகளுக்காக உள்ளே வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டர்கள். பஸ்ஸில் தீக்குப் பார்சல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிற பார்சலே எங்கேயோ பிடித்த தீயை ஊதிவிடும். சிலிண்டரைக் கொடுத்த கம்பெனியையே வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

கேள்வி: பெட்ரோலில் ஓடுகிற புல் வெட்டும் மெஷின். டேங்கைக் கவிழ்த்துக் காலி செய்துவிட்டேன். இப்போது சரியா?

இல்லை. கவிழ்த்த டேங்கில் பெட்ரோல் போயிருக்கும், ஆவி போயிருக்காது. எரிவது ஆவிதான். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றுகிற அளவுக்கு ஆவி விடும், அந்த ஆவி காற்றைவிடக் கனம், டிக்கியின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். லாரி சர்வீஸில் கேளுங்கள். அவர்களும் முழுசாக வடித்துக் காயவைத்துத்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: நாய்க்குட்டி?

டிக்கியில் காற்று கிடையாது. வேண்டாம்.

கேள்வி: நான் பஸ்ஸில் கிளீனர். எந்தப் பார்சலை எங்கே அடுக்குவது என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இடம் இருக்கிற பக்கம் தள்ளுகிறோம். சரியான முறை என்று ஏதாவது உண்டா?

இந்தக் கேள்வி வந்ததுதான் எனக்கு ரொம்ப சந்தோஷம். உண்டு. கனமானது கீழே, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில், இடம் வலம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எடையாக. எல்லாக் கனத்தையும் ஒரு பக்கம் ஏற்றினால் வளைவில் வண்டி அந்தப் பக்கம் சாய்வது டிரைவருக்கு ஸ்டியரிங்கிலேயே தெரியும். கூரை மேல் கனம் ஏற்றுவது அதைவிட மோசம். எஞ்சின் பக்கத்து அறையில் சூட்டுக்கு ஆகாதது எதையும் வைக்காதீர்கள். பயணிகளின் பைக்கு ஒரு அறை, பார்சலுக்கு ஒரு அறை என்று பிரித்துவிட்டால், பயணியின் பை போனால் போன இடம் தெரியும், பார்சல் அறை நடுவழியில் தேவையில்லாமல் திறக்கவும் திறக்காது. கடைசியில் இறங்குவதை முதலில் ஏற்றுங்கள்.

ஆசிட், பிளீச், நீச்சல் குளத்துக் குளோரின் பவுடர் மாதிரி பொருள் தப்பித்தவறி வந்துவிட்டால், தூக்கும்போதே மூக்கு சொல்லிவிடும். அந்த மூக்கை நம்புங்கள், ஏற்றாமல் இறக்கி வையுங்கள். குளோரின் பவுடரில் பிரேக் ஆயில் பட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றும்.

அப்புறம் நடைபாதை. கூட்டம் குறைவு என்று நடுவில் பெட்டி அடுக்குகிறீர்களே, அதை நிறுத்துங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பஸ் எதிலாவது மோதி நின்றால், கட்டாத பெட்டி அதே வேகத்தில் முன்னால் பாயும். பதினான்கு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடிக்கு மேலிருந்து, விழுகிற பொருளுக்கு என்ன வேகமோ அதே வேகம். அது யார் பிடரியில் இறங்கும் என்று உங்களால் சொல்ல முடியாது. தீ என்றால் எல்லாரும் ஓடுகிற வழியும் அதுதான். அவசர வழிக் கதவுக்கு முன்னால் ஒரு கைக்குட்டை கூட இருக்கக் கூடாது.

கேள்வி: என் சீட்டுக்கு அடியில் ஒரு பை, சுற்றி இருக்கிறவர்கள் யாரும் என்னுடையது இல்லை என்கிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

தொடாதீர்கள், திறந்து பார்க்காதீர்கள், காலால் தள்ளவும் செய்யாதீர்கள். பத்தில் ஒன்பது தடவை அது முன் ஸ்டாப்பில் இறங்கியவர் மறந்த டிபன் பைதான். அப்படி என்று முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை. கண்டக்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பையை யாராவது வேண்டுமென்றே மறைத்து வைத்த மாதிரி இருக்கிறதா, வயரோ பேட்டரியோ கசிவோ விசித்திர வாசனையோ தெரிகிறதா, வழக்கமாக பஸ்ஸில் மறந்துபோகிற சாமான் மாதிரி இருக்கிறதா, இந்த மூன்றையும் அவர் பார்க்கட்டும். சந்தேகம் என்றால் வண்டியை ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஓரங்கட்டி எல்லாரையும் தூரமாக இறக்கிவிட்டு போலீஸுக்கு போன். அந்தப் பைக்குப் பக்கத்தில் நின்று போன் பேச வேண்டாம், போட்டோ எடுத்து குரூப்பில் போடவும் வேண்டாம். இறங்கும்போது "குண்டு" என்று மட்டும் கத்திவிடாதீர்கள், பையைவிட நெரிசல் பெரிய ஆபத்து.

கேள்வி: அனுப்பிய பார்சல் போய்ச் சேரவில்லை. ரசீது இருக்கிறது. கம்பெனியில், ரசீதில் எழுதிய மதிப்புதான் தருவோம் என்கிறார்கள். மதிப்பு என்கிற இடத்தில் அவர்களாகவே ஏதோ சின்னத் தொகை போட்டிருக்கிறார்கள்.

அது அவர்களாகப் போட்டது இல்லை, நீங்கள் சொல்லாததால் போட்டது. கட்டணம் கூடுமே என்று மதிப்பைக் குறைத்துச் சொல்வதும், கேட்கும்போது "சும்மா துணிதான்" என்பதும் நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம். தொலைந்தபிறகு அந்தத் துணி கேமராவாக மாறுகிறது. இனிமேல் என்ன பொருள், எத்தனை, என்ன மதிப்பு என்று நீங்கள் சொல்லி எழுதவைத்து, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு நகருங்கள். பெயரும் போன் நம்பரும் பெட்டிக்கு மேலே மட்டும் இல்லாமல் உள்ளே ஒரு தாளிலும் இருக்கட்டும், வெளியே ஒட்டிய காகிதம் உரசலில் கிழிந்துபோன பெட்டிகள் எங்கள் குடோனில் மூலையில் குவிந்து கிடக்கும்.

இப்போதைக்கு, பொருள் வாங்கிய பில் இருந்தால் எடுத்துக்கொண்டு எழுத்தில் புகார் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். கொடுப்பதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டிய ஊர் கவுண்டரில் ஆளையே அனுப்பிக் குடோனைப் பார்க்கச் சொல்லுங்கள். காணாமல் போனதாகச் சொல்லப்பட்ட பெட்டி, பெயர் கிழிந்து, அங்கேயே ஸ்டூலுக்குப் பதிலாக உட்காரப் பயன்பட்டுக்கொண்டிருந்ததை நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.